வழிவதை மறை

ஏழு நிரல்கள் போட்டிருந்தேன்.
கிழமை, படகு, புறப்படும் நேரம்,
சேரும் தீவு, சேரும் நேரம், கட்டணம்,
கடைசியாகக் குறிப்பு.
டோர்ஷவ்னில், என் மேசைத்திரையில்,
ஆயிரத்து இருநூறு பிக்சலும்
காற்றில்லாத நாளின் கடல்போலக் கிடந்தன.

சன்னலைச் சற்றே சுருக்கினால் மட்டும்
அடியில் ஒரு சுருள்பட்டை
அசிங்கமாய் முளைத்தது.
அதற்கு ஒரு வரி போதும்:
வழிவதை மறை.
மறைத்தேன். பட்டை போயிற்று.
காப்பி குடிக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை ஹொக்னி அழைத்தான்.
குரலில் கோபமில்லை, அதுதான் உறுத்தியது.
பக்கத்துத் தீவுக்குக் கடன் கொடுக்கும்
இரண்டு செம்மறிக் கிடாக்களோடு
படகுத்துறையில் மூன்று மணி நேரம்
நின்றிருக்கிறான்,
மேலிருந்து விழத் தெரியாமல்
பக்கவாட்டில் பெய்யும் எங்கள் மழையில்.
“பத்தே கால் என்று போட்டிருந்ததே, ரன்வா.”
போட்டுத்தான் இருந்தது.
ஏழாம் நிரலில் ‘ரத்து’ என்றும் போட்டிருந்தது,
அவன் கைபேசியின் விளிம்புக்கு வெளியே,
கண்ணாடி முடிந்து
கடல் தொடங்கும் இடத்தில்.

வழிவதை மறைக்கப் போய்
வழியை மறைத்திருக்கிறேன்.

அன்றிரவு உலாவியின் ஓரத்தைப் பிடித்து
நெருக்கிக்கொண்டே வந்தேன்.
தொள்ளாயிரம். அறுநூறு.
அவனுடைய விரிசல் விழுந்த திரைக்கு
முந்நூற்று அறுபது.
வாசலில் சிக்கிய சோபாபோல
நின்றது என் அட்டவணை,
உள்ளேயும் வராமல், வெளியேயும் போகாமல்.

பிக்சல்களை அழித்துப் பங்குகள் எழுதினேன்:
இருப்பதில் உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
இவ்வளவு அகலத்துக்குக் கீழே போனால்
நிரல்கள் கலைந்து
ஒன்றன்கீழ் ஒன்றாய் உட்காரட்டும்.
கட்டணம் ஒதுங்கட்டும், யாரும் சாகப்போவதில்லை.
நேரம் பெருக்கட்டும்.
குறிப்பு மட்டும்
வாலிலிருந்து தலைக்கு வரட்டும்.
அதற்கு வரிசை எண் கழித்தல் ஒன்று,
பூச்சியத்துக்கும் முன்னால் நிற்பது.

வெள்ளிக்கிழமை புயல்.
ஹொக்னி ஒரு படம் அனுப்பினான்:
அவன் சமையலறை மேசை, தேநீர்க் குவளை,
குவளையில் சாய்ந்த கைபேசி,
அதன் உச்சியில் சிவப்பாய் ‘ரத்து’.
சன்னலுக்கு அப்பால்
நனையாத கிடாக்கள் தொழுவத்தில்.

கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
அதற்குள் இன்னொரு செய்தி:
“படுக்கவைத்துப் பிடித்தால் மட்டும்
ரத்து திரும்பவும் ஓரத்துக்கு ஓடுகிறதே?”

காப்பி ஆறட்டும் என்று
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.