நகம் தடுக்காத கோடுகள்

பழைய வண்ணாரப்பேட்டை, மூணாவது மாடி.
லிஃப்ட் இன்னும் வரவில்லை,
அதற்கான குழி மட்டும் வந்திருக்கிறது.
அறுபது கிலோ வெள்ளைக் குவார்ட்ஸை
நானும் டோமினிக்கும் நேற்று
ஒவ்வொரு படியாகக் கெஞ்சி ஏற்றினோம்.
இன்று காலை போன்:
"கல்லு பூரா கீறல். பாக்கி எட்டாயிரம் கெடையாது."

போனேன்.
சிங்க் வெட்டுக்கு இடப்பக்கம்
பென்சிலில் கிறுக்கியது போல் சாம்பல் கோடுகள்.
பதினொன்று. ஹேமாவதி மேடம் எண்ணி வைத்திருந்தார்.
வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும்,
கல்லோ வட்டிக்கு வாங்கிய காசு.
கோபம் நியாயம்தான்.

குழாய் மாட்டியவன் ஸ்பேனரை
மேலேயே போட்டு இழுத்திருக்கிறான்.
அதைச் சொல்ல வாய் வந்தது.
அளவு டேப்பின் நாக்கை
அதே கல்லில் ஓடவிட்டவன் நான்.
வாய் போய்விட்டது.

"நகத்தால ஓட்டிப் பாருங்க மேடம்."
ஓட்டினார். தடுக்கவில்லை.
நம்பாமல் இன்னொரு விரலால் ஓட்டினார்.

கீறல் என்றால் கல் எதையோ இழந்திருக்கும்.
இங்கே இழந்தது இரும்பு.
கல் அதைவிடக் கெட்டி,
உரசினால் தேய்வது ஸ்பேனர்.
தன் தோலில் கொஞ்சம் உரித்து
விட்டுவிட்டுப் போயிருக்கிறது,
காசிமேடு போய் வந்த சட்டையில்
செதில் ஒட்டியிருப்பதுபோல.
இப்படியெல்லாம் எனக்குப் பேச வராது.
"அழுக்கு மேடம், காயம் இல்ல" என்றேன்.

ஆக்ஸாலிக் பவுடர் ஒரு சிட்டிகை,
குழைக்கத் தண்ணீர், பழைய பனியன் துணி, கையுறை.
பித்தளைக் குடத்துக்குப் புளி போடும் அதே கணக்கு.
ஒரு நிமிஷம்தான். அதற்குமேல் ஊறினால்
கல்லைக் கட்டி வைத்திருக்கும் பிசின் மங்கும்.
சாப்பிட்ட குழந்தையின் வாயைத் துடைக்கிற
அழுத்தம் போதும்.

மிண்ட் பக்கம் ஒரு வீட்டில் முன்பு
அவசரப்பட்டு பாலிஷ் பேடு ஓட்டினேன்.
கோட்டை எடுத்தேன், பளபளப்பையும் எடுத்தேன்.
வெயில் விழும்போதெல்லாம் அவர்கள் அடுப்படியில்
என் உள்ளங்கை அளவுக்கு ஒரு மூட்டம்
இப்போதும் தெரியும்.

ஒன்று. இரண்டு. ஏழு.
சாம்பல் துணிக்கு மாறியது.
கீழே ஒரு கண்டெய்னர் லாரி
சந்தில் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தது.
பதினொன்றும் போனது.

பன்னிரண்டாவது ஒன்று இருந்தது.
அவர் எண்ணாதது.
குழாய் ஓட்டைக்குப் பின்னால், சுவரோரம்,
அரை விரல் நீளம்.
என் நகம் அதில் நின்றது.
என் பிளேடுதான். வைரப் பல்.
நேற்று சாயந்திரம் கரண்டு
வந்து வந்து போன நேரம்.
பிசின் வைத்து அடைக்கலாம், அடைத்தது தெரியும்.
சோப்பு டப்பா வைத்தால் தெரியாது.
டோமினிக் கண்ணால் சொன்னான்: கிளம்பு.

தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.
துடைக்க ஒன்றுமில்லாத மூலையையும் துடைத்தேன்.

"மேடம், இங்க ஒண்ணு இருக்கு. இது மட்டும் நெஜம்."

குனிந்தார். நகம் வைத்தார். பேசவில்லை.
உள்ளே போய் எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார்,
ஏழாயிரத்து ஐந்நூறு.
நான் திருப்பி எண்ணவில்லை.

"ஐநூறுக்கு இன்னா வரும்னு தெரியுமா உனுக்கு?"
படியிறங்கும்போது கேட்டான்.
தெரியும்.

பஞ்சர் கடையில் கிழிந்த சைக்கிள் ட்யூப்
இரண்டு, பத்து ரூபாய்.
கிளாம்பின் வாய்க்கு ஒரு துண்டு,
ஸ்பேனர் தலைக்கு ஒரு துண்டு,
டேப்பின் நாக்குக்குப் பேப்பர் டேப்.
கல்மேல் விரிக்க
பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கேட்டு வைத்தேன்.
டோமினிக்கை ஸ்டீல் காப்பைக் கழற்றச் சொன்னால்
அக்கா போட்டது, கழற்ற மாட்டானாம்.
சரி, அதற்கும் ஒரு துண்டு.

நாளைக்குக் கொடுங்கையூர்.
கறுப்புக் கல்.
கறுப்பில் விரல் வைத்தாலே தெரியும்.