மீட்புப் புள்ளி: ஏப்ரல் பதின்மூன்று

மண்டபம் வடக்குத் துறை,
மீராக்கனியின் ஐஸ் பிளான்ட்.
நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி.
தடைக்காலம் முடிய நாலு மணி நேரம்.
வாசலில் பதினோரு குட்டியானை வண்டிகள்,
உள்ளே பில் போட மறுக்கும் கணினி.

அறுபத்தொரு நாளாக
மெயினையும் இறக்கி,
மேலே ஒரு லுங்கியைப் போர்த்தி
உறங்கவிட்டிருந்தார்கள்.
இன்று சாயங்காலம் தட்டி எழுப்பியதும்
ஏப்ரலிலேயே இறங்கிக் கிடந்த ஏதோ அப்டேட்
பாதி ஏறியிருக்கிறது.
கரண்ட் போய்விட்டது.
"நான் ஒண்ணையும் தொடலண்ணே"
என்கிறாள் கணக்கெழுதும் பெபியோலா.
எல்லோரும் சொல்வதுதான்.
இவள் சொன்னால் நிஜமாயிருக்கும்,
விசைகளின் மேல் தூசி
படிந்தது படிந்தபடி.

சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தேன்.
ஒரே ஒரு மீட்புப் புள்ளி:
ஏப்ரல் 13, மாலை 6.42.
படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வாரம்.
அடுத்து. அடுத்து.
தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது,
சம்மதமா? சம்மதம்.
பச்சைக் கோடு நாற்பது சதம் வரை ஊர்ந்து
முடியவில்லை என்று கைவிரித்தது.

ஆன்டிவைரஸை நிறுத்தினேன். மறுபடி.
சேஃப் மோடில் நுழைந்தேன். மறுபடி.
நிழல் பிரதி எடுக்கும் சேவை
படுத்துக் கிடந்தது, எழுப்பினேன்.
இடம் போதவில்லையோ என்று
மீராக்கனியின் மச்சான் கல்யாண வீடியோவை
பென்டிரைவுக்குக் குடிமாற்றினேன்,
ஐஸ் பிளான்டில் அது ஏன் என்று கேட்காமல்.
மறுபடி.
நாற்பது சதம்.

ஜன்னல் கம்பியில் இன்னாசி முகத்தை வைத்தார்.
"பின்னால போகுதாமே தம்பி.
ஏப்ரலுக்குப் போச்சுன்னா
என் மார்ச்சு பாக்கி போயிருமா?"
"போகாது. உங்க ஃபைல் எதையும் தொடாது.
முதல் பக்கத்துலயே போட்டிருக்கான்."
"அப்ப என்னத்துக்கு இம்புட்டுப் பாடு"
என்று பீடியைப் பற்றவைத்தார்.
வெளியே ஓர் ஓட்டுநர்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கைபில் புத்தகத்தைப் பிரித்த பெபியோலா கேட்டாள்,
"அண்ணே, இன்னைக்கு என்ன தேதி?
இதுல ஜனவரின்னு காட்டுது."

திரையின் கீழ் மூலை.
ஜனவரி 1, 2009.
அதிகாலை 3.14.

மூன்று மணி நேரமாக
ஏப்ரலுக்குத் திரும்பு, திரும்பு என்று
நான் அதட்டிக்கொண்டிருந்த பெட்டிக்கு
ஏப்ரலே இன்னும் வரவில்லை.

மூடியைக் கழற்றினேன்.
கடல் காற்று உள்ளேயும் குடியிருந்திருக்கிறது.
திருகுகளில் துரு.
ஒரு ரூபாய் அகலத்தில் பேட்டரி,
விளிம்பில் உப்புப் பொருக்கு.
மெயின் இறங்கிய பிறகு
லுங்கிக்கு அடியில் தன்னந்தனியாக
நொடிகளை எண்ணியிருக்கிறது பாவம்,
மே மாதத்தில் எங்கோ
கணக்கை விட்டுவிட்டது.

பதினொன்றேகால் மணிக்கு எந்தக் கடை?
மீராக்கனி ஒன்றும் பேசாமல்
கார் ரிமோட்டை நகத்தால் பிளந்து
உள்ளிருந்ததை நீட்டினார்.
அதே அளவு.

ஜூன் 14 என்று நானே தட்டினேன்.
11.26.
இன்றைக்கு இன்றுதான் என்று
ஒரு இயந்திரத்துக்குச் சொல்வதில்
கை கொஞ்சம் கூச்சப்பட்டது.

நாற்பது.
நின்றது.
நாற்பத்தொன்று.
பெபியோலா "ஆ" என்றாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்க
பில் மென்பொருள் கண் திறந்தது.
முதல் வரியிலேயே இன்னாசி,
மார்ச் பாக்கி பதினாலாயிரத்து முந்நூறு.
எட்டிப் பார்த்தார்.
"நங்கூரம் போட்ட மாதிரி நிக்குது" என்றார்.
நாற்பது கட்டி கேட்டார்.
அதையும் அதுக்குக் கீழேயே எழுதச் சொன்னார்.

ஐஸ் உடைக்கும் இரைச்சலில்
என் கூலியைப் பற்றிப் பேச வாய்க்கவில்லை.
வெளியே வந்தால்
தன் காருக்கு முன்னால் நின்று
மீராக்கனி ரிமோட்டை
அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.