ஆறாவது சிப்பி

விழுங்குவதை அளப்பது என் வேலை.
கழுத்தில் இரண்டு விரல் வைத்துக் காத்திருப்பேன்.
குரல்வளை ஏறி இறங்க
ஒரு நொடி தாமதமானால்
அன்றிலிருந்து தட்டில் விழுவதெல்லாம் கூழ்.

ஊனா பிராட்ரிப். அறை பதினொன்று. வயது எண்பத்தேழு.
பிப்ரவரியில் அவருடைய தேநீரைக்
கெட்டியாக்கச் சொன்னவள் நான்.
மாவு கலந்த தேநீர், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது.
"குடிக்கவா, சுவரொட்டி ஒட்டவா?" என்றார்.
குடித்தார்.
மே மாதத்துக்குள் நான்கு கிலோ குறைந்திருந்தார்.

ஜூனில் கேட்டார்:
பச்சைச் சிப்பி, அரை டஜன், ஓட்டோடு.
திறக்க என் சொந்தக் கத்தி.

ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஒரு காயலில்
முப்பத்தெட்டு வருஷம் சிப்பி திறந்த கை.
இடது பெருவிரலில் மட்டும் ஒன்பது தழும்பு.

படிவம் இருக்கிறது.
நேரும் வாய்ப்பு இடமிருந்து வலம்,
விளைவின் கடுமை கீழிருந்து மேல்.
கத்தி மஞ்சளில் விழுந்தது. சிப்பி சிவப்பில்.
'வேண்டாம்' என்று சொன்னால் என்ன ஆகும்
என்பதை எழுதக் கட்டமே இல்லை.

தெளிவாக இருக்கிறார் என்று மருத்துவர் எழுதிவிட்டார்.
மகள் ஃபிலிப்பாவின் கையெழுத்து தேவையே இல்லை.
எனக்குத்தான் தேவைப்பட்டது.
பெர்த்துக்குப் பேசினேன்.
"நீங்களாக இருந்தால்?" என்றார்.
மூன்று நாள் கழித்துக் கையெழுத்து வந்தது,
கூட ஒரு சொல் இல்லாமல்.

போன குளிர்காலத்தில்
ரூபர்ட் ஹாலோஸ் தோட்டத்தில் தனியே நடக்கலாம் என்று
கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.
ஈரப்படி. இடுப்பெலும்பு. மூன்று வாரம்.
கட்டிலடியில் அவர் காலணி கிடந்தது,
குதிகாலில் ரோஜாப் பாத்தியின் மண்.
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வியாழன், பதினொன்றரை மணி.
உறிஞ்சு கருவி மேசைக்கடியில், துண்டு போட்டு மூடி.
தாதி பிமலா தாமாங் பக்கத்தில்,
சும்மா உட்கார்ந்திருப்பவளைப் போல.

கத்தி கீல் தேடி நுழைந்தது.
ஒரு திருகல்.
அறைக்குள் கடல் வாடை.

நான்கு வரைக்கும் யாரும் பேசவில்லை.
ஐந்தாவதில் புரையேறியது.
முகம் சிவந்து, சிவப்பையும் தாண்டியது.
பிமலா எழுந்துவிட்டாள்.
கத்தி பிடித்த கை உயர்ந்தது:
பொறு.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
அந்த அறையில் வேறு எதை நினைத்தோம் நாங்கள்?

இருமல். இன்னொரு இருமல்.
பிறகு மூச்சு, கிழிந்த துணிபோல,
ஆனாலும் மூச்சு.

ஆறாவதைத் திறந்தார்.
விளிம்பு வரை நீர், ஒரு சொட்டும் சிந்தவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்
தட்டைத் தள்ளினார்.
"இன்றைக்கு இது போதும்."

பயமா, வயிறு நிறைந்ததா? நான் கேட்கவில்லை.
படிவம் கேட்டது.
'ஐந்து உண்டார். ஆறாவதைத் திறந்தார், உண்ணவில்லை.'
காரணம் என்ற இடத்தில்
'அவருடையது' என்று எழுதினேன்.

கத்தியை அவரே கழுவித் துடைத்து
இழுப்பறையில் வைத்தார்.
பூட்டு இல்லாத இழுப்பறை.
அதற்கும் ஒரு படிவம் உண்டு.
திங்கட்கிழமை பார்க்கிறேன்.