துவுண்ணாவில் ஒரு வசவு

ஆட்டம் ஆறரைக்கு.
மூன்று மணிக்கே வந்து வெயிலில் வெந்தோம்.
நைன் லின் என் கன்னத்தில்
மஞ்சள், பச்சை, சிவப்பு என்று
மூன்று விரலால் மூன்று இழுப்பு இழுத்தான்.
நட்சத்திரம்தான் வரவில்லை.
வேர்வையில் கால் நீண்டு நண்டாகிவிட்டது.
"இருக்கட்டும், நம்ம நாட்டு நண்டு" என்றான்.

தாமுவேயில் அவனுடைய டயர் கடையில்
பதினோரு வருடமாக நட்டு முடுக்குகிறேன்.
அட்டையில் என் பெயர் தீஹா.
வீட்டில் வீரபத்திரன்.
மைதானத்துக்குப் பெயர் எதற்கு,
தொண்டை இருந்தால் போதும்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மலேசியாக்காரர்கள்.
ஐந்நூறு பேர் இருக்கலாம்.
புலிவரிச் சட்டை. ஒரே ஒரு முரசு.
எங்கள் அத்தனை தொண்டைகளையும்
அந்த ஒரு முரசு கீறிக்கொண்டே இருந்தது.
நாங்கள் அவர்கள் தாயை இழுத்தோம்,
தாயின் தாயை இழுத்தோம், பர்மிய மொழியில்.
அவர்கள் மலாயில் இழுத்தார்கள்.
விளங்காத வசவு தூரத்துப் பட்டாசு,
சத்தம் மட்டும்தான்,
யார் மேலும் விழாது.

அறுபத்து மூன்றாம் நிமிடம்
எங்கள் கோல் கீப்பர் பந்தைப் பிடித்து,
நழுவவிட்டு, துரத்தி,
மறுபடி பிடித்தபோது
கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

எங்கள் பக்கம் இழவு வீடு.
வெற்றிலை மெல்லும் வாய்கள்கூட நின்றுவிட்டன.
அப்போதுதான் வேலி தாண்டி வந்தது, கணீரென்று:
"பந்தைப் பிடிடான்னா
கோழி அமுக்குற மாதிரி அமுக்குறான் பாரு, பரதேசி!"

நான் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.
"யாருடா பரதேசி? நீதான்டா பரதேசி!
கப்பல் ஏறிப் போன பய நீ!"

முரசு நின்றது.
தடித்த ஆள், நெற்றியில் புலிக் கோடு.
வரிசை வரிசையாகத் தேடி
என் நண்டைக் கண்டுபிடித்தான்.
"நீ மட்டும் நடந்தாடா வந்தே?" என்றான்.

நடந்து போனவர்கள் உண்டு,
குண்டு விழுந்த வருடத்தில், காடு வழியாக.
நாங்கள் போகாதவர்கள்.
இதை வேலி வழியாகக் கத்த முடியுமா?
அவன் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் போல.

அதற்குள் முன்வரிசை திரும்பிவிட்டது.
பின்வரிசை குனிந்துவிட்டது.
"என்ன சொன்னான்?"
"நீ என்ன சொன்னாய்?"
"அது என்ன பாஷை?"
கடைசிக் கேள்வியைக் கேட்டவன்
முதல் பாதியில், எங்கள் பந்து கம்பத்தில் பட்டபோது
என்னைக் கட்டிப்பிடித்து அழுதவன்.

பரதேசிக்குப் பர்மிய மொழியில் சொல் இருக்கிறது.
இரண்டே அசை.
அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.
எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

"நாய் என்றான்" என்றேன்.
"நானும் நாய் என்றேன்."
கைதட்டினார்கள். ஒருவன் தன் தண்ணீர் பாட்டிலைத் தந்தான்.
நைன் லின் மட்டும் ஒன்றும் கேட்காமல்
ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றுக்கு சைபர்.
வெளியே அட்டைப் பெட்டிகள் எரிந்தன.
எங்கள் கொடியையே யாரோ மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.
அவர்கள் பேருந்து வாசலில் மாட்டிக்கொண்டது.
செருப்பு பறந்தது, கல் பறந்தது.
மூன்றாவது ஜன்னலில் அந்தப் புலிக் கோடு,
முரசை மடியில் வைத்து, குழந்தையைப் போல அணைத்தபடி.

என் கையில் அந்தத் தண்ணீர் பாட்டில், பாதி நிறைய.
சுற்றி எல்லோரும் எறிந்தார்கள்.
எறியாதவனை எல்லோரும் பார்த்தார்கள்.
எறிந்தேன்.
குறி தவறாமல் தவறவிட்டேன்,
பின் சக்கரத்தில் பட்டு வெடித்தது.
டயர்க்காரன் கை, டயரைத் தேடிப் போகும்.
அவன் பார்த்தானா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்.
நைன் லின் கூப்பிட்டான்,
எப்போதும் போல
அந்த இரண்டு அசையைச் சொல்லித்தான்,
அன்பாகத்தான்.
வருகிறேன் என்றேன்.

மஞ்சள் சாயம் தீர்ந்துபோயிருக்கிறது.
வாங்க வேண்டும்.