சாயும் மாடல்

பில்லில் முகவரி இவ்வளவுதான்:
மசினி, மீன் கொட்டகை, அணைக்கு மேல்கரை.
கதவு எண் இல்லை. பின்கோடு பவானிசாகருடையது.
"டெம்போ போகாதுங்க," என்றார் கடைசி டீக்கடைக்காரர்,
"பரிசல்லதான் தாட்டி உடோணும்."

ஐந்து லிட்டர் கிரைண்டர்.
அட்டைப் பெட்டியோடு முப்பத்தெட்டு கிலோ.
ஒப்பணக்கார வீதிக் கடையில் நின்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
இது சாயும் மாடலுங்க, மாவு வழிக்க லேசு என்று.
பரிசலின் நடுவில் அதை இறக்கிவைத்த பிறகு
சாயாதே என்பதைத் தவிர
அதனிடம் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

கோகிலாமணி துடுப்பைப் போட்டாள்.
"நீச்சல் தெரியுமுங்களா?"
"எனக்குக் காங்கயமுங்க."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

கரையை ஒட்டியே போனோம்.
கரை என்றால் மணல் என்று நினைத்திருந்தேன்.
இது பாறை.
யாரோ உடைத்துப் போட்டுவிட்டுக்
கூலித் தகராறில் பாதியில் போனதுபோல.
நீர் இறங்கிய கோடுகள் அதில் வரிவரியாக,
அடைத்தும் அடைபடாத வட்டிக் கணக்கு.
தலையில்லாத பனைகள் தண்ணீருக்குள் நின்றன.
ஒன்றின்மேல் நீர்க்காகம், சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு.
"இங்க அடியில பழைய கெணறு கெடக்குதுங்க,"
துடுப்பை ஆழக் குத்திப் பரிசலை விலக்கினாள்.
தண்ணீருக்கு அடியில் ஒரு கிணறு.
அதற்குள் இருப்பது யாருடைய தண்ணீர்?

மாயாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.
அடுத்த முனையில்
நான் பாறைக் கணக்கில் சேர்த்திருந்த ஒன்று
காதை அசைத்தது.

"பேசாதீங்கொ."
துடுப்பு நீரிலேயே நின்றது.
பரிசல் தானாக, மிக மெதுவாகத் திரும்பியது.
யானை. மலை. தூரத்தில் அணையின் கோடு.
சப்பாத்திக் கள்ளி. யானை.
நான் கழுத்தைத் திருப்பவே இல்லை,
அது என் முன்னால் வந்து வந்து போனது.
தும்பிக்கையில் ஏறும் நீரின் சத்தம்கூடக் கேட்டது.
அப்போது பார்த்து என் சட்டைப்பையில்
போன் அதிர்ந்தது: டெலிவரி ஆச்சா?
நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன்.
அமுக்கிய கைக்குள் எது அதிர்ந்ததென்று சொல்லமுடியாது.

நாலாவது சுற்றில் அது இல்லை.
ஈரமான ஒரு பாறை மட்டும் இருந்தது.

மசினி முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து
பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தாள்.
கொட்டகையில் முப்பது பேருக்கு இட்லி.
அரிசி விடியற்காலையே ஊறிவிட்டது,
கரண்ட் பொழுது சாய்ந்துதான் வருமாம்.
அட்டையைப் பிரித்ததும்
கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்,
பிறகு என் முதுகுக்குப் பின்னால் நீளும் கரையைப் பார்த்தாள்.
"இத்தன கல்லு கெடக்குது இங்க,
நீங்க கோயமுத்தூர்ல இருந்து கல்லு கொண்டாந்திருக்கறீங்க."
வாரண்டி அட்டையில் அவள் போட்ட கையெழுத்து
ஈரத்தில் பரவி நீல மீன் போலாயிற்று.

திரும்பும்போது பரிசல் நிலைகொள்ளவில்லை.
சுமை போன பரிசலைக் காற்று
பம்பரக் கயிறில்லாமலே சுற்றியது.
கோகிலாமணி எதிர்த்து எதிர்த்துப் பார்த்துவிட்டு
ஒரு பாறை மடிப்பில் ஒதுக்கினாள்.
"எறங்கி ஒரு கல்லத் தூக்கி நடுவுல வெய்யுங்கொ."

தூக்கிப் பார்த்தே எடை சொல்வேன்.
இருபத்தொன்பது, முப்பது.
ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முள்.
கிரைண்டர் இருந்த இடத்தில் வைத்ததும்
பரிசல் என்னமோ புத்தி வந்ததுபோல் நேராகப் போனது.

யானை நின்ற முனை தாண்டி
சிக்னல் ஒரு கட்டை வந்தது.
கடைக்கு மெசேஜ் அனுப்பினேன்:
டெலிவரி ஆச்சு.
ரிட்டர்ன் ஒண்ணு வருது.