பயணத்தின் நோக்கம்

தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள்.
ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஓய்ந்ததும்
தங்கச்சிமடத்துக்குக் காது திறந்துகொண்டது.
காக்காய்ச் சண்டை, பாலத்தில் ரயில்,
அடுத்த வீட்டு மிக்ஸி.
அந்த அமைதியில்தான் தெக்லா சொன்னாள்:
"எரிமலை பார்க்கப் போகணும்."

கொடைக்கானல் என்றிருந்தால் உடனே மறுத்திருப்பேன்.
இதற்கு மறுப்பு கைவசம் இல்லை.
"பார்க்கலாம்" என்றேன்.
பார்க்கலாம் என்றால் இல்லை என்று பொருள்,
இருபது வருஷமாக எங்கள் வீட்டில்.
அவள் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு
பில் புத்தகத்தைக் கவிழ்த்து
என் முன்னால் வைத்தாள்.

சென்னைக்கு ரயில்.
அங்கிருந்து கப்பல், அடித்தட்டு, மூன்று ராத்திரி.
போர்ட் பிளேரில் அவள் தம்பி ஸ்தனிஸ் வீடு:
தங்கல், சாப்பாடு, சைபர்.
(சைபருக்குப் பக்கத்தில் அவளே எழுதினாள்:
தம்பி பெண்டாட்டிக்குச் சேலை ஒன்று.)
தீவுக்கு ராத்திரிப் போட்.
அந்தத் தொகையை எழுதிவிட்டு
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம்
சுவரில் பல்லியைப் பார்த்தோம்.

ஸ்தனிஸ் போனில் சொன்னான்:
"அத்தான், இறங்க விடமாட்டாங்க.
போட்டில் நின்னபடி சுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான்.
பகல்ல புகை. ராத்திரி, யோகம் இருந்தா, செவப்பு.
ஆள் கிடையாது. ஆடு திரியுதுன்னு சொல்றாங்க."

தீவு கண்ணெதிரே, கால் வைக்கக்கூடாது.
யாரிடம் சொல்கிறான் இதை.
ஜி.பி.எஸ்ஸில் ஒரு கோடு வந்ததும்
இன்ஜினை அணைத்து
அக்கரை விளக்குகளை எண்ணிவிட்டுத்
திரும்புகிற ஊர் இது.
"பழகினதுதான் மாப்பிள்ளே" என்றேன்.

இடித்தது பருவம்.
இங்கே கடலைப் பூட்டினால்தான் எங்களுக்கு லீவு.
மே பாதி தாண்டினால் அங்கே காற்று ஏறிவிடும்.
அங்கே தண்ணீர் படுத்துக் கிடக்கிற மாசியில்
இங்கே பார் ஒன்றுக்கு நாலு பேர் சண்டை,
ஷெட்டில் அவள் முன்னால்
இறால் மலை மலையாக.

ஏன் எரிமலை என்று
அன்று ராத்திரிதான் கேட்டேன்.
பதில் சொல்லாமல்
கொதிக்கிற பானையை அடுப்பிலிருந்து
துணியில்லாமல் இறக்கினாள்.
பத்து விரலும் விளிம்பில்.
பதறியது நான்.
"ஒண்ணும் தெரியல" என்றாள்,
குழம்பில் உப்பு கம்மி என்று சொல்கிற குரலில்.

பதினாலு வருஷம் ஐஸுக்குள்
இறால் தலை கிள்ளிய விரல்கள்.
பாரைக் கிரஷரில் தள்ளுகிறவன் நான்.
தூளாகிக் கூடையில் விழும்வரைதான் என் கணக்கு.
அது யார் கைக்குப் போகிறது என்று
பில்லில் எழுதுகிற வழக்கமில்லை.

விடியுமுன் எழுந்து
திரும்பவும் கூட்டினேன்.
மாசிக் கடைசி, பதினொரு நாள்.
பழைய டி.வி.எஸ்ஸை விற்றால் கப்பல் கட்டணம் தேறும்.
போட்டுக்கு அவளுடைய சீட்டு.
முதலாளிக்குப் பொய் ஒன்று.
யாரைச் சாகடிப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம்.
இது நிஜப் பார்க்கலாம்.

அனுமதி விண்ணப்பத்தை
பாம்பன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் எடுத்தோம்.
கடைப் பையன் படித்துச் சொல்லச் சொல்ல நிரப்பினேன்:
பெயர். கணவர் பெயர். தொழில்.
"பயணத்தின் நோக்கம். ரெண்டு வரி இடம் இருக்கு.
டூர்னு போட்ருங்கண்ணே."

தெக்லா பேனாவை வாங்கினாள்.
கொப்புளத்தில் படாமல் பிடித்து,
விரலுக்கிடையில் அது இருக்கிறதா என்று
கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டு
தமிழில் எழுதினாள்:
சூடு தெரியுதா என்று பார்க்க.

பையன் என்னைப் பார்த்தான்.
நான் ரெண்டு ரூபாய்க்குச் சில்லறை தேடினேன்.

அரை மைல் தள்ளித்தான் போட் நிற்குமாம்.
அவ்வளவு தூரம் அனல் வருமா என்று
ஸ்தனிஸிடம் நான் இன்னும் கேட்கவில்லை.