வலது கீழ் மூலை

உலான்பாதரில் குளிரூட்டத் தேவையில்லாத ஒரு ஸ்டூடியோ.
டீச்சருக்கு முழுத்திரை, கரும்பலகை, சுட்டுகோல்.
எனக்கு வலது கீழ் மூலை,
தீப்பெட்டி அளவு.
அதற்குள் நின்று
காது கேளாத பிள்ளைகளுக்கு
நான்காம் வகுப்பு முழுவதையும் சொல்லிவிட வேண்டும்.
எத்தனை பிள்ளைகள்?
யாரிடமும் கணக்கில்லை.

கறுப்புச் சட்டை போடச் சொன்னார்கள். மோதிரம் கூடாது.
கை தெரிந்தால் போதும் என்றார் தயாரிப்பாளர் தவான்யாம்.
முகமும் இலக்கணம்தான் என்றேன்.
சரி, கொஞ்சமாக, என்றார்.

வகுப்பறையில் ஒரு சொல்லைக் காட்டினால்
பன்னிரண்டு சோடிக் கைகள் திருப்பிக் காட்டும்,
தப்பாகக் காட்டும்,
பக்கத்துப் பையனின் முதுகில் குத்திக் காட்டும்.
மேசையைத் தட்டினால் அதிர்வில் தலைகள் நிமிரும்.
இங்கே காமிரா.
அதன் கண்ணாடிக்குள் குட்டியாக ஒருத்தி.
என்னிடமே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு வீடியோ வந்தது,
கோபிப் பாலையோரம் சைன்ஷாந்திலிருந்து.
போனைப் பிடித்திருப்பவர் ரயில்வே ஊழியர் பாட்சுக்;
படம் ஆடுகிறது.
டிவியை ஒட்டி அவர் மகள் நோமுந்தரி,
திரையில் அவள் மூக்கு பதிந்த ஈரம்.
கேட்கிறாள்:
அக்கா,
உங்கள் மரத்துக்கு வேரே இல்லையா?

ஓடிப்போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தேன்.
திரையின் அடியில் செய்திப் பட்டை ஓடுகிறது, சிவப்பாக.
இடது கை மண்.
அதன் கீழே வலது கையின் விரல்கள் இறங்கினால் வேர்.
நான் இறங்கும்போதெல்லாம்
விரல்களின் மேல் ஏறிப் போகிறது
இன்றைய தொற்று எண்ணிக்கை.
கிணறு போயிற்று. ஆழம் போயிற்று.
கழித்தல் பாதியில் நிற்கிறது.
ஒன்பது நாளாக
இடுப்புக்கு மேல் மட்டுமே உள்ள உலகத்தைப்
பாடமாக நடத்தியிருக்கிறேன்.

பட்டையை எடுங்கள் என்றேன்.
மேலிடத்து உத்தரவு.
என் கட்டத்தையாவது ஏற்றுங்கள்.
கரும்பலகை மறையுமே, என்றார் தவான்யாம்.
கெட்டவர் இல்லை. மூன்று நாளாக வீட்டுக்கே போகாதவர்.

சரி, மண்ணை ஏற்றினேன்.
கழுத்தெலும்பில் தரைமட்டம்.
மோவாயிலிருந்து தொண்டைக்கு இறங்கியது வேர்.
கிணற்றை நெற்றியில் தொடங்கி மூக்கருகே தண்ணீர் கண்டேன்.
இரவில் தோளுக்குத் தைலம்.

என் முதல் மொழி அம்மாவின் விரல்கள்.
மாவு பிசைந்தபடியே திட்டுவாள், சுவரெல்லாம் தெறிக்கும்.
அவள் டிவியில் பார்த்துவிட்டு வீடியோ அழைப்பில் வந்தாள்:
ஏன் கையைத் தூக்கிக்கொண்டே பேசுகிறாய்,
எதிரே எவனாவது துப்பாக்கி வைத்திருக்கிறானா?

நோமுந்தரியிடமிருந்து இன்னொரு வீடியோ.
ஒன்றும் கேட்கவில்லை.
அப்பாவுக்கு 'வேர்' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்,
அவர் தடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து.

டிவி இல்லாத வீடுகளிலிருந்து
எனக்கு எந்த வீடியோவும் வரவில்லை.

செப்டம்பரில் கதவு திறந்தது.
முகக்கவசம் போட்டுப் பாதி இலக்கணத்தை மூடிக்கொண்டு
நாலு மாகாணத்துப் பிள்ளைகள் முற்றத்தில்.
ஒரு குளிர்காலத்தில் அரை அடி வளர்ந்திருந்த நோமுந்தரி
ஹோவ்திலிருந்து வந்த பையனிடம்
கதை சொல்லிக்கொண்டிருந்தாள்:
ரயில்வே குடியிருப்பில் பாப்ளர் மரத்தை வெட்டினார்கள்,
வேரை மட்டும் பிடுங்க முடியவில்லை.
வேர் என்றபோது
அவள் கை மோவாய்க்கடியில் இறங்கியது.
பையனும் அங்கேயே இறக்கி,
எவ்வளவு ஆழம் என்று நெற்றியில் கேட்டான்.
ஒருவரையொருவர் அதுவரை பார்த்தே இராதவர்கள்.

போய் நின்று, இனி பட்டை இல்லை என்றேன்.
கையைத் தாழ்த்தி, வயிற்றருகே,
என் அம்மாவின் வேரைக் காட்டினேன்.

நோமுந்தரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
புரிகிறது அக்கா,
ஆனால் அது
வயசானவங்க சொல்ற வேர்.